மருபூமிக்கு வந்த ஆற்றுநீர்

1891-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி பிகானீர் சமஸ்தானத்தில் வாழ்ந்தவர்கள் 8,31,955 பேர். பத்தாண்டு கழித்து 1901-இல் மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது இருந்தவர்கள் 5,84,627 பேர். இடையில் அந்தச் சமஸ்தானத்தின் மீது எந்தச் சைனியமும் படையெடுத்து வரவில்லை, மழைதான் வரவில்லை. விக்ரம சகாப்தத்தின் 1956-ஆம் வருஷத்தில், அதாவது நமது கணக்கில் 1899-இல், வானம் பொய்த்து உண்டான அந்த க்ஷாமத்தை, நம் நாட்டுப் பாட்டிமார் தாது வருஷத்துப் பஞ்சத்தைச் சொல்வதுபோல, அவ்வூரார் 'சப்பனியா' என்று ஐம்பத்தாறாம் வருஷத்தின் பெயராலேயே சொல்லி வந்தார்கள். செத்தவர்கள் போக, மாடுகளை ஓட்டிக்கொண்டு சிந்துதேசத்துக்கும் பஞ்சாபுக்கும் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 23,311 சதுர மைல் பரப்புள்ள ஒரு ராஜ்யத்தில் சதுர மைலுக்கு இருபத்தைந்து பேர் மட்டுமே எஞ்சினார்கள்.

பிற்காலத்தில் இந்தப் பிரதேசத்துக்குத் திட்டம் தீட்டிய அதிகாரிகள் எல்லாரும் இந்த இருபத்தைந்து என்ற எண்ணிலிருந்தே தொடங்கினார்கள். ஆளில்லாத பூமி, ஆகவே ஜலத்தைக் கொண்டுவந்து ஆட்களைக் குடியேற்றினால் தானியம் விளையும் என்பது அவர்கள் அபிப்பிராயம். அது முழுதும் பிழை என்று சொல்வதற்கில்லை. ஆனால், அங்கே ஜனங்கள் குறைவாக இருந்தார்களே தவிர, நிலம் எவருக்கும் உரியதன்றி வெறுமனே கிடக்கவில்லை என்பதையும், அந்தக் குறைந்த ஜனத்தொகையே தண்ணீரின் அளவறிந்து பல தலைமுறைகளாக ஏற்பட்ட ஒரு ஜீவனமுறையின் விளைவு என்பதையும் கவனித்திருந்தால், பின்னால் நிகழ்ந்த பல சங்கடங்களுக்கு இடமிராமல் போயிருக்கும்.

அந்த ஜீவனமுறை எத்தகையது? முந்நூறு அடிக்கும் மேல் தோண்டினால்தான் கிணற்றில் நீர் காணும். கண்ட நீரும் பல இடங்களில் உவர்ப்பு. ஆகையால் குடிதண்ணீருக்கு மழையையே சேமித்தார்கள். 'குண்ட்' என்று பெயர் பெற்ற அவர்களுடைய மழைநீர்க் கிடங்கு பார்க்கத் தகுந்தது. வட்டமான ஒரு களத்தை எல்லாப் பக்கமும் நடுவை நோக்கிச் சரியும்படி அமைத்து, சுண்ணாம்பும் சாம்பலும் சேர்த்துக் கெட்டித்து, நடுவிலே ஆழமான குழியைக் கட்டி, அதன்மேல் கோவில் விமானத்தின் குட்டிப் பிரதிபோல ஒரு குமிழ்க்கூரையை வைத்திருப்பார்கள். களத்தில் விழும் மழை, பாம்பும் ஓணானும் நுழையாதபடி முள்ளும் குச்சியும் வைத்து அடைத்த சிறு துவாரங்களின் வழியே உள்ளே இறங்கும். மேலே உள்ள கதவுக்குப் பூட்டும் உண்டு. நகைப்பெட்டிக்குப் பூட்டில்லாத வீட்டில்கூடத் தண்ணீருக்குப் பூட்டு இருந்தது. மழை கண்ட வருஷத்தில் கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விதைப்பார்கள். காணாத வருஷத்தில் ஆடுமாடுகளே விளைச்சல். மணல்மேடுகளின் இடையே செழித்த 'சேவண்' என்னும் புல் மழை அற்றுப்போனாலும் வேரோடு உயிர் தாங்கியிருக்கும். வயல்களின் நடுவே 'கேஜ்ரி' மரத்தை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். அது வேறொன்றுமில்லை, நம் கோவில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான். அதன் இலை ஆட்டுக்கு. காய் மனிதருக்குக் கறி. அந்த மரத்துக்காக 1730-இல் ஜோத்பூருக்கு அடுத்த கேஜர்லி கிராமத்தில் பிஷ்ணோய் வகுப்பார் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்றால், அதன் மதிப்பை அவ்வூரார் எப்படிக் கணித்தார்கள் என்பது விளங்கும்.

சப்பனியா பஞ்சம் தலைகாட்டியபோது பிகானீர் சிம்மாசனத்தில் இருந்தவர் மகாராஜா கங்கா சிங். ஏழு வயதில் பட்டத்துக்கு வந்து, 1898 டிசம்பரில் முழு அதிகாரமும் கைக்கு வந்த சில மாதங்களுக்குள் இந்தப் பேரிடரைச் சந்தித்த பத்தொன்பது வயது இளைஞர் அவர். பிற்காலத்தில் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராகவும், தம் ஒட்டகப்படையை அயல்நாட்டு யுத்தகளங்களுக்கு அனுப்பியவராகவும் அவர் பிரசித்தி பெற்றார். ஆனால் அவருடைய பிரஜைகளின் நினைவில் நிலைத்தது அந்தக் கீர்த்தியன்று. சட்லெஜ் நதியைப் பிகானீருக்குக் கொண்டுவர வேண்டும் என்று கால் நூற்றாண்டுக் காலம் அவர் பிடித்த பிடிவாதமே நிலைத்தது.

பிடிவாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்லெஜ் பிகானீர் எல்லையை எங்கும் தொடுவதில்லை. ஆற்றங்கரையில் இடமில்லாத ஒரு ராஜ்யத்துக்கு ஆற்றில் பாத்தியதை ஏது என்று, கரையிலேயே அமைந்த பகவல்பூர் சமஸ்தானம் ஆட்சேபித்தது. வாதம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாப் சர்க்காருக்கோ தன் சொந்த நிலங்களுக்கு முதலில் பாய்ச்ச வேண்டும் என்ற ஆசை. கடைசியில், தண்ணீரை எல்லைக்கோட்டைப் பார்த்தல்ல, அதிகப் பயன் விளையும் இடத்தைப் பார்த்துப் பகிர வேண்டும் என்ற கொள்கை மேலோங்கி, 1920 செப்டம்பர் 4-இல் பஞ்சாப், பகவல்பூர், பிகானீர் ஆகிய மூன்று தரப்பாரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1925 டிசம்பர் 5-இல் பெரோஸ்பூரில் அஸ்திவாரம் நாட்டப்பட்டது. 1927 அக்டோபர் 26-இல் ராஜப்பிரதிநிதி இர்வின் பிரபு வந்து கால்வாயைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ எண்பது மைல் நீளமுள்ள அந்தக் கங்கா கால்வாய்க்கு அடிமுதல் கரைவரை சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். மணலில் வெறும் மண்வாய்க்காலை வெட்டினால் போகிற வழியிலேயே பூமி ஜலத்தைக் குடித்துவிடும் என்று இஞ்சினீயர்கள் எச்சரித்திருந்தார்கள். அக்காலத்தில் இவ்வளவு நீளமான காரைக்கால்வாய் உலகில் வேறெங்கும் இல்லை.

நீர் வந்த பின் நிலத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. சர்க்கார் பூமியைச் சதுரம் சதுரமாக அளந்து கிரயத்துக்கு விட்டது; அந்தக் கிரயப் பணத்தில்தான் கால்வாயின் செலவை ஈடுகட்ட வேண்டும். பணமும் கால்வாய்ப்பாசனத்தில் பழக்கமும் சேர்ந்திருந்தவர்கள் பஞ்சாப் மாகாணத்துச் சீக்கிய வேளாளர்களும் ஜாட்களுமே. அவர்கள் அங்கே இருந்த கொஞ்சம் நிலத்தை நல்ல விலைக்கு விற்று, இங்கே அதைப்போலப் பல மடங்கு பூமியை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ஓர் ஆயர்குடிச் சிற்றூர் இருந்த இடத்தில், நேர்கோடாக வீதிகள் வகுத்து, தானிய மண்டியை நடுவில் வைத்து எழுந்த பட்டணத்துக்கு ஸ்ரீ கங்காநகர் என்று மகாராஜாவின் பெயரே வாய்த்தது. கோதுமையும் பருத்தியும் விளைந்தன. சமஸ்தானத்தின் வருமானம் பெருகிற்று. சப்பனியா போன்ற ஒரு பஞ்சம் அந்தப் பக்கத்தை மறுபடி தீண்டவில்லை. ஆனால் எந்தக் குடிகள் பட்ட துயரத்தைக் காட்டி இந்த நீர் கேட்கப்பட்டதோ, அந்தக் குடிகளில் பெரும்பாலோர் கிரயம் கொடுக்க வகையற்றவர்களாதலால், தங்கள் மந்தை மேய்ந்த வெளியில் பிறர் ஏர் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு தெற்கே விலகிப் போனார்கள். மகாராஜாவின் பிரயத்தனத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவரைப் போலப் பிரஜைகளின் பசிக்காக இருபத்தைந்து வருஷம் மனுப்போட்ட மன்னர்கள் அதிகம் பேர் இல்லை. ஆயினும் கணக்கைக் கணக்காகவே பார்க்க வேண்டும்.

1947-இல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது, பெரோஸ்பூரில் இருந்த தலைமதகு எந்தப் பக்கம் போகும் என்ற பயம் பிகானீரைப் பிடித்துக்கொண்டது. சமஸ்தானத்தின் தலைமை இஞ்சினீயராயிருந்த கன்வர் சேன், திவான் சர்தார் பணிக்கருடன் டில்லிக்கு ஓடி, மவுண்ட்பேட்டன் பிரபுவிடம் முறையிட்ட வரலாற்றைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். தலைமதகு பாகிஸ்தானுக்குப் போனால் மகாராஜாவும் அந்தப் பக்கமே சேர நேரிடும் என்று அவர்கள் சூசகமாகத் தெரிவித்ததாக அவர் கூற்று. ராட்க்ளிஃப் வகுத்த எல்லை வெளியானபோது பெரோஸ்பூர் இந்தியாவில் இருந்தது.

அந்தக் கன்வர் சேனே அடுத்த வருஷம் இன்னும் பெரிய யோசனை ஒன்றை எழுத்தில் வைத்தார். சட்லெஜும் பியாஸும் கூடுகிற ஹரிகே என்னும் இடத்திலிருந்து புறப்பட்டு, பஞ்சாபைக் கடந்து, பிகானீரின் மேற்கு ஓரமாகச் சென்று, ஜெய்சால்மர் மணலின் நடுவே முடிகிற ஒரு கால்வாய். காகிதத்தில் அது வெறும் கோடு. உண்மையிலோ ஹரிகேயிலிருந்து 204 கிலோமீட்டர் ஊட்டுக்கால்வாயும், அதன்பின் 445 கிலோமீட்டர் பிரதானக் கால்வாயுமாக, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்துக்குச் சற்றே குறைந்த நீளம். 1955-இல் ராஜ்யங்களுக்கிடையே ஏற்பட்ட பங்கீட்டில் ராஜஸ்தானுக்கு 80 லட்சம் ஏக்கர்-அடி நீர் ஒதுக்கினார்கள். பாகிஸ்தானுடன் சிந்துநதி வழக்கு தீராத நேரத்தில் இவ்வளவு பெரிய ஒதுக்கீடு செய்ததில், இந்த ஜலம் எங்களுக்குத் தேவை என்று உலகவங்கியின் முன் காட்டும் ராஜதந்திரமும் கலந்திருந்தது. 1958 மார்ச் 31-இல் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த் அஸ்திவாரமிட்டார். 1960-இல் சிந்துநதி உடன்படிக்கை நிறைவேறியது; மறுவருஷம் அக்டோபர் 11-இல் நௌரங்தேசர் கிளைக்காலில் முதல் நீரை விட்டவர் அன்று உபராஷ்டிரபதியாயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். நம் திருத்தணியில் பிறந்த ஒரு தத்துவாசிரியரின் கையால் தார் பாலைவனத்தில் மதகு திறந்தது என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. முதலில் ராஜஸ்தான் கால்வாய் என்று வழங்கியதற்கு 1984-இல் இந்திரா காந்தியின் பெயரை வைத்தார்கள்.

வெட்டும் வேலை எளிதாயிருக்கவில்லை. ஒட்டகமும் கழுதையும் மண் சுமந்தன. பகலில் வெட்டிய பள்ளத்தைப் புழுதிப்புயல் ஓரிரவில் தூர்த்துவிடும். வேலையாட்களுக்கு வேண்டிய குடிதண்ணீரையே தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீரைக் கொண்டுவரும் வேலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையே பாதி! 1987 புத்தாண்டு நாளன்று ஜெய்சால்மர் மாவட்டத்து மோகன்கட்டில் இருக்கும் கோடிமுனையை நீர் எட்டியது. அஸ்திவாரம் நாட்டியதற்கும் அதற்கும் நடுவே இருபத்தெட்டு வருஷங்கள் கழிந்திருந்தன.

இதற்கிடையே அதே பூமியில் வேறொரு தோண்டுதலும் நடந்துகொண்டிருந்தது. கக்கர் என்ற வறண்ட ஆற்றின் தென்கரையில் காலிபங்கன் என்றொரு மேடு உண்டு. ராஜஸ்தானி கிரந்தங்களைத் தேடி இத்தாலியிலிருந்து வந்து, 1919-இல் பிகானீரிலேயே இளவயதில் காலமான தெஸ்ஸிதோரி என்ற பண்டிதர் அதை முதலில் கண்டு குறித்துவைத்தார். 1960 முதல் அங்கே அகழ்ந்த தொல்பொருள் இலாகாவினர் ஹரப்பா நாகரிகத்துக்கும் முந்தைய ஓர் உழுத வயலைக் கண்டெடுத்தார்கள். ஒரு திசையில் முப்பது சென்டிமீட்டர் இடைவெளியிலும், அதற்குக் குறுக்கே ஏறக்குறைய இரண்டு மீட்டர் இடைவெளியிலும் ஏர்ச்சால்கள் ஓடின. அண்டை வயல்களில் இன்றும் குடியானவர்கள் அவ்வாறே உழுது, நெருக்கமான சாலில் கொள்ளும் அகன்ற சாலில் கடுகும் விதைப்பதை அகழ்ந்தவர்கள் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். ஆளில்லாத பூமி என்று குறிக்கப்பட்ட இடத்தில் அகப்பட்டது, நாமறிந்த உழுத வயல்களுள் மிகப் பழமையான ஒன்று.

புதிய குடியேற்றத்தின் அலகு 'முரப்பா'. பக்கத்துக்கு 825 அடியுள்ள சதுரம். அதனுள் பக்கத்துக்கு ஐந்தாக இருபத்தைந்து பிகா. நம் கணக்கில் பதினைந்தரை ஏக்கருக்குச் சற்று மேல். மணல்மேடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, பழைய மேய்ச்சல்பாதை குறுக்கே போகிறதா என்று கோடு பார்ப்பதில்லை. கிராமங்களுக்குப் பெயர் வைக்கவும் அவகாசமில்லை. கிளைக்காலின் பெயரிலுள்ள இங்கிலீஷ் முதலெழுத்துக்களோடு ஓர் எண்ணைச் சேர்த்து இத்தனையாவது 'சக்' என்பார்கள். கால்வாயோரத்துக் கடைத்தெருக்களோ '682 ஆர்.டி.' என்பது போலத் தலைமதகிலிருந்து எத்தனை ஆயிரம் அடி தூரம் என்ற அளவையே பெயராகக் கொண்டன. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பெண் கேட்டு வருகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைக்கு அதுவே சொந்த ஊர்.

பாசனமுறைக்கு 'வாராபந்தி' என்று பெயர். வாரத்தின் 168 மணிநேரத்தையும் ஒரு மதகின்கீழ் உள்ள நிலப்பரப்பால் வகுத்து, இன்ன பங்காளிக்கு இன்ன கிழமை இன்ன மணி முதல் இன்ன மணிவரை என்று அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். மார்கழிக் குளிரில் நள்ளிரவு இரண்டு மணி பதினைந்து நிமிஷத்துக்கு முறை வந்தால், அந்த நேரத்துக்கு மண்வெட்டியும் விளக்குமாக வரப்பில் நிற்க வேண்டும்; முந்தியவன் மடையை அடைத்ததும் தன் மடையை வெட்டிவிட வேண்டும். ஐந்து நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் சண்டை. நம் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்றோர் ஆள் நின்று பங்கிடுகிறான். அவனிடம் முறையிடலாம், சமாதானம் பேசலாம். அங்கே பங்கிடுவது கடிகாரம்.

நிலம் யாருக்குப் போயிற்று என்பதில்தான் இந்தத் திட்டத்தின் சிக்கலெல்லாம் அடங்கியிருக்கிறது. சுதந்திர சர்க்காரின் கொள்கை மகாராஜாவின் கொள்கையைவிடத் தாராளமானது; நிலமற்ற உள்ளூர்க் குடிகளுக்கே முதலிடம் என்று விதி எழுதினார்கள். ஆனால் மணல்மேட்டைச் சமனாக்கவும், வயல்வாய்க்கால் வெட்டவும், முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சலின்றிக் குடும்பத்தைக் காப்பாற்றவும் முதல் வேண்டும். அது இல்லாதவர் தம் பேரில் கிடைத்த சதுரத்தை வேறொருவரிடம் குத்தகைக்கு விட்டு, அந்தச் சதுரத்திலேயே கூலிக்குப் போனார்கள். மிஞ்சிய நிலத்தை ஏலம் விட முயன்றபோது 1970-ஐ ஒட்டிக் கங்காநகர்ப் பக்கத்து விவசாயிகள் பெருங் கிளர்ச்சி செய்தார்கள். மந்தைக்காரர்களின் கதியோ ரிகார்டில் ஏறவே இல்லை. மேய்ச்சலுக்குப் பட்டா கிடையாதாகையால், பட்டா இல்லாதவர்கள் எதையும் இழந்ததாகக் கணக்கில்லை. மேற்கே சேவண் புல் மண்டிய வெளிகளை மேய்ச்சலுக்கே விட்டு, குடிநீரை மட்டும் அங்கே கொண்டுபோயிருக்கலாம் என்பது என் துணிபு.

 

இயற்கை கேட்ட வட்டி வேறு. அந்தப் பூமியின் பல பகுதிகளில், மேல்மணலுக்குச் சற்றுக் கீழேயே ஜிப்சமும் களியும் கலந்த கடினமான படுகை உண்டு. தலைமதகுப் பக்கத்தவர்கள் கைக்கு வந்த நீரையெல்லாம் பாய்ச்ச, அது கீழே இறங்க வழியின்றித் தேங்கி, உப்பையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிற்று. 'சேம்' என்று அவ்வூரார் சொல்லும் இந்த ஊறலால், மசீதாவாலி, படோபல் முதலிய ஊர்களின் அருகே வயல்கள் சதுப்பாயின. சுவர்கள் அடியிலிருந்து அரித்து வீடுகள் சாய்ந்தன. கொசுவே அபூர்வமாயிருந்த நாட்டில் மலேரியா காலூன்றியது. தாகத்தால் ஜனங்கள் ஓடிய பிரதேசத்திலிருந்து நீர் மிகுந்து ஜனங்கள் வெளியேறினார்கள். அதே காலத்தில், கடைமடையில் இருந்தவர்களுக்குப் பாதிப் பங்கும் வந்து சேரவில்லை. 2004-இல் கட்சானா, ராவ்லா பக்கங்களில் பாசனநீர் கேட்டுக் கிளர்ந்த குடியானவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் போயின. இன்னொரு பக்கம், பிகானீர், ஜோத்பூர் முதலிய நகரங்களில் குழாயைத் திறந்தால் வருவது இந்தக் கால்வாயின் நீர்தான். அங்கே ஒரு குடம் நீருக்காகக் கோசக்கணக்காக நடந்த பெண்களின் தலைமுறை முடிந்துவிட்டது. இந்த ஒரு நன்மைக்காகவே கால்வாய் வெட்டியது தகும் என்று ஒருவர் வாதித்தால் நான் மறுக்கமாட்டேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஹிமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கின் குடிகளைப் பற்றி. இந்தக் கால்வாய்க்கு வருஷம் முழுவதும் நீர் வேண்டுமானால் பியாஸ் நதியின் வெள்ளத்தைத் தேக்கிவைக்க வேண்டும். அதற்காகக் கட்டி 1974-இல் முடித்த போங் அணையில் காங்ராவின் நெல்வயல்கள் மூழ்கின. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. நீரால் பயனடைகிற ராஜஸ்தானே அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமாகி, கங்காநகர் மாவட்டத்தில் 2,20,000 ஏக்கரை ஒதுக்கிவைத்தார்கள். பனிமலையின் அடிவாரத்தில் ஓடைநீரில் நெல் நட்டவர்கள், நிழலற்ற மணலில் கடிகாரம் பார்த்து நீர் பாய்ச்ச வந்தார்கள். சிலர் தாக்குப்பிடித்தார்கள். பலருடைய சதுரங்களில் ஏற்கெனவே வேறொருவர் உழுதுகொண்டிருந்தார். தாமே குடியிருந்து பயிரிட வேண்டும் என்ற நிபந்தனையை மீறியதாகச் சொல்லிச் சிலருடைய ஒதுக்கீட்டைச் சர்க்காரே ரத்துசெய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1996-இல் இதற்கென ஓர் உயர்மட்டக் குழு ஏற்பட்டது. நிலம் கிடைக்க வேண்டியவர்களில் பலர் இதற்குள் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தாவின் தகுதிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு ராஜ்யங்களின் காரியாலயங்களுக்கும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.